அறுபத்து நான்குக்கு அடுத்த இடம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் அசலகிரி சிஸ்டம்ஸ் என்றொரு நிறுவனம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மானிட்டர்களைச் செய்து விற்கிறார்கள். நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பெட்டி காட்டும். அளவு தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடித்து நர்ஸைக் கூப்பிடும். கூப்பிடாவிட்டால் அந்தப் பெட்டிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அசலகிரியில் யாரைக் கேட்டாலும், தாங்கள் விற்பது மானிட்டர் அல்ல, கலாச்சாரம் என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் கலாச்சாரத்துக்கு இரண்டு தூண்கள். இங்கே யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை என்பது முதல் தூண். தவறு நடந்தால் கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எந்த மனிதரின் பெயரும் வாயில் வரக் கூடாது. தவறு யாராலும் செய்யப்படுவதில்லை, மழைபோல அது நிகழ்கிறது. வாய் தவறிப் பெயர் சொன்னவர் எழுந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரண்டாவது தூண் லாபியில் கண்ணெதிரே இருந்தது. நல்ல நிரல் என்பது யாரும் தொடத் தேவையில்லாத நிரல் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆகவே நெடுநாளாகத் திறக்கப்படாத ஃபைல்களை ஒரு மின்பலகையில் ஓடவிட்டிருந்தார்கள். முதலிடம் விரல் கிளிப்பின் டிரைவருக்கு. கிளிப் அனுப்பும் தகவலை வாங்கி மெமரியில் வைக்கும் சின்ன நிரல் அது. ஆறு வருடத்துக்கு மேலாக அதன்மேல் ஒரு விரல் பட்டதில்லை. ஆயுத பூஜையன்று அந்தப் பலகைக்குக் குங்குமமும் சாமந்தி மாலையும் உண்டு. அந்த டிரைவரை எழுதியவள் வேதநாயகி.

வேதநாயகி, அசலகிரிக்குப் புதிதாக வந்து சேர்ந்த பிரிஜெட்டின் தோழி. இந்திராநகரில் இருவரும் முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். வேதாவுக்குப் பிரசவமானபோது அவள் வேலையையும் சேர்த்து இழுத்தவள் பிரிஜெட். பிரிஜெட்டின் மகள் ஆஞ்சலாவுக்கு மாதா கோயிலில் நடந்த புதுநன்மைச் சடங்குக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, எப்போது எழுவது எப்போது மண்டியிடுவது என்று தெரியாமல் பூசை முழுக்க நின்றுகொண்டே இருந்தவள் வேதா. இப்படி ஒரு சிநேகிதம் கிடைத்தால் போதும் என்று பிரிஜெட் பலமுறை நினைத்திருக்கிறாள்.

மாமியார் படுக்கையில் விழுந்தபோது பிரிஜெட் வேலையை விட்டாள். ஒன்பது வருடம் ஜோகுபாளையம் வீடே கதியாகக் கிடந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வேலை தேடப் போனால், எல்லா நேர்காணலிலும் அந்த ஒன்பது வருடத்தை ஜெயிலுக்குப் போய்வந்தவளைக் கேட்பதுபோல் கேட்டார்கள். கடைசியில் வேதாதான் அசலகிரியில் 'இரண்டாம் விடியல்' என்ற திட்டத்தில் அவளைச் சேர்த்துவிட்டாள். ஆறு மாதம் வேலை பார்க்க வேண்டும். பிடித்தால் நிரந்தரமாக்குவார்கள், பிடிக்காவிட்டால் பூங்கொத்து கொடுத்து அனுப்புவார்கள். இதையும் விட்டால் நாற்பத்து நாலு வயதில் இந்த ஊரில் தனக்கு இன்னொரு கதவு திறக்காது என்று பிரிஜெட்டுக்கு நன்றாகத் தெரியும்.

"அலாரம் மாட்யூல உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன் ப்ரிஜி," என்றாள் வேதா. "ரொம்ப சாது அது. அதுபாட்டுக்கு ஓடும். நீ கண்ண மூடிக்கிட்டு பர்மனென்ட் ஆயிடலாம்."

பிரிஜெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாதுவான மாட்யூல், அதாவது அலாரத்தை ஓட்டும் நிரல் பகுதி, முதல் மாதத்திலேயே பல்லைக் காட்டியது. சோதனைக்கூடத்தில் ஒரு ரப்பர்க் கை உண்டு. மோட்டார் வைத்து அதில் நாடி ஓடவிடுவார்கள். பிரிஜெட் அதன் விரலில் கிளிப்பை மாட்டி, ஆக்சிஜனை எண்பதுக்கு இறக்கினாள். அலாரம் அடிக்கவில்லை. எழுபதுக்கு இறக்கினாள். பெட்டி பச்சை விளக்கோடு சாந்தமாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், தொண்ணூறு என்று அவள் எழுதி வைத்த எல்லை பூஜ்யமாகியிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே யாராலும் இறங்க முடியாது. உயிர் போனவர்கூட பூஜ்யத்தில்தான் நிற்பார்.

அவளுடைய நிரலில் பூஜ்யம் எழுதுகிற வரியே இல்லை. அப்படியானால் வேறு யாரோ அவள் இடத்தில் எழுதுகிறார்கள். மெமரி என்பது சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் தெரு. ஒருவர் தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் கை வைத்தால், கோளாறு பக்கத்து வீட்டில்தான் தெரியும். ஊரும் அந்த வீட்டுக்காரரைத்தான் கேட்கும். அசலகிரியும் அப்படியே கேட்டது. பிழை எந்த மாட்யூலில் தலைகாட்டுகிறதோ, அதன் பொறுப்பாளர் பெயரில் கணினி தானாகவே பதிவு போட்டுவிடும். இதற்குக் குற்றம் சாட்டுதல் என்று பெயரில்லை. உரிமை கொடுத்தல் என்று பெயர்.

உரிமை பெற்ற பிரிஜெட் தேட ஆரம்பித்தாள். அந்த இடத்தில் பிராசஸர் எதையாவது எழுதினால் உடனே நிறுத்திக் காட்டும்படி ஒரு காவல் வைத்தாள். காவல் ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை. எல்லை மட்டும் பூஜ்யமாகிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருட இடைவெளியில் தனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டதோ என்று பயந்துபோய், தர இயக்குநர் ரங்காவிடம் போய் நின்றாள்.

ரங்கா சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒரே பாத்திரத்தில் வேகும். குழு தன் கண்ணால் பார்க்காத பிழையைப் பிழை என்று ஏற்பதற்கில்லை என்று அவர் அன்பாக விளக்கினார். ஏழு பேர் கொண்ட சாட்சிக் குழு சோதனைக்கூடத்துக்கு வந்தது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்குப் படம் எடுக்கவும் ஒருவர் வந்தார். ரப்பர்க் கை படத்தில் பிணத்தின் கை மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதும், ரங்கா கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். அவருடைய ஆக்சிஜனை யாராலும் இறக்க முடியாதே என்று பிரிஜெட் மெல்லச் சொன்னாள். எல்லை மாறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று தீர்மானமாயிற்று. நெடுநேரம் எல்லோரும் பார்த்தார்கள். தொண்ணூறு தொண்ணூறாகவே இருந்தது.

"நோடி பிரிஜெட், என் கை நடுங்காது," என்றார் ரங்கா. "இருபது வருஷமா எவ்வளவோ ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டிருக்கேன், ஒண்ணுக்காவது நடுங்கியிருக்கா? பயந்துட்டு பாத்தா எல்லாம் பக் மாதிரிதான் தெரியும். நான் படிச்சுப் பாத்து கையெழுத்து போடறவன் இல்ல. நம்பிப் போடறவன்."

குழு கைதட்டியது. பிழை 'காணப்படவில்லை' என்று பதிவாகியது. ஆனால் பதிவு பிரிஜெட்டின் பெயரிலேயே இருந்தது, ஏனென்றால் காணப்படாததற்கும் ஒரு உரிமையாளர் வேண்டும். அவளைக் கருவியோடு நல்லுறவு வளர்க்கும் ஒரு பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கே அவள் மானிட்டருக்கு எதிரே உட்கார்ந்து, அதனிடம் தனக்குப் பிடித்த மூன்று குணங்களைச் சொல்ல வேண்டியிருந்தது. திரை பெரிதாக இருக்கிறது, சத்தம் போடுவதில்லை என்று இரண்டு சொன்னாள். மூன்றாவது வரவில்லை.

ஆனால் ரங்காவின் பேச்சில் ஒரு சொல் அவளை விடவில்லை. நடுங்காத கை. ரப்பர்க் கை நடுங்கும். மோட்டார் பழசு, மேசை ஆடினால் அதுவும் ஆடும். பிரிஜெட் மெமரியில் டிரைவரைச் சுற்றியிருந்த இடத்தையெல்லாம் ஒரே எண்ணால் நிரப்பி வைத்துவிட்டு, ரப்பர்க் கையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு எந்த இடத்தில் எண் மாறியிருக்கிறது என்று பார்த்தாள். டிரைவரின் வீட்டுக்கு அடுத்த நான்கு இடங்களில் மாறியிருந்தது. அலாரத்தின் எல்லை குடியிருந்தது அதே நான்கில்.

விஷயம் அவ்வளவுதான். டிரைவர் மெமரியில் தன் வீட்டை அறுபத்து நான்கு பைட்டுக்கு, அதாவது அத்தனை இடங்களுக்கு, அளந்து வைத்திருந்தது. பழைய கிளிப்புக்கு அது போதும். போன வருடம் வாங்கத் தொடங்கிய புதிய கிளிப், விரல் நடுங்கும்போது மட்டும் நான்கு பைட் சேர்த்து அனுப்புகிறது. அந்தத் தகவல் பிராசஸர் வழியாகப் போவதில்லை, ஹார்டுவேர் நேராக மெமரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவள் காவல் வைத்தது முன்வாசலில், ஆள் வந்துபோனது கொல்லைப்புறத்தில். வேதாவின் ஃபைலைத் திறந்து அறுபத்து நான்கை அறுபத்தெட்டாக்கி, அதற்கு மேல் வந்தால் வாங்காதே என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

சந்தோஷத்தில் குதித்த மனசு உடனே உறைந்துபோனது. மூச்சுத் திணறுகிறவரின் விரல்தானே நடுங்கும். யாருக்கு அலாரம் வேண்டுமோ சரியாக அவருக்குத்தான் இந்தப் பெட்டி அலாரத்தை அணைக்கிறது.

வேதாவிடம் சொல்லத் துடித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். வேதா இல்லை. திரைப் பிரிவைப் பார்க்கும் சிந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற வேகத்தில் பிரிஜெட் அவளிடம் கொட்டிவிட்டாள். சிந்து ஆச்சரியப்படவே இல்லை.

"அந்த எடமா மேடம்? நாங்க எல்லாருமே ஒரு ரவுண்டு இருந்துட்டுதான் வந்தோம்," என்றாள். "எங்க ஸ்கிரீன் பிங்க் ஆயிடும். வேதா மேடம்கிட்ட சொன்னோம், வேற எடத்துக்கு மாத்திக் குடுத்தாங்க. அப்புறம் பிரிண்டர்காரங்க வந்தாங்க, அதுக்கப்புறம் ஃபேன். நீங்க சேர்றதுக்கு முந்தின வாரம்தான் ஃபேன காலி பண்ணி அலாரத்த உள்ள வச்சாங்க. உங்களுக்கு சொல்லலியா?"

மெமரியில் யார் எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்ய அசலகிரியில் 'அண்டை நல்லுறவுக் குழு' என்று ஒன்று உண்டு. அதன் தலைவி வேதநாயகி. எந்தப் பிரிவுக்காவது தொல்லை வந்தால், அந்தப் பிரிவு முறையாக விண்ணப்பித்து இடம் மாறிக்கொள்ளும். தொல்லை நின்றுவிடும், பிழை தீர்ந்ததாகப் பதிவாகும், எல்லோரும் கைதட்டுவார்கள். சுவர் ஒழுகுகிற வாடகை வீட்டை விட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவரிடம் ஒழுகலைப் பற்றி வாய் திறக்காத மாதிரிதான். டிரைவரைத் திறந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாலை போட்ட பலகையில் ஓடுகிற ஃபைலை எவர் தொடுவார்?

அன்று மாலை கம்பெனி காரில் வேதாவும் பிரிஜெட்டும் மட்டும்தான். பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நகராமல் நின்றது. பிரிஜெட் நேராகவே கேட்டாள், அந்த இடம் அப்படிப்பட்டது என்று தெரிந்தா தன்னை அங்கே வைத்தாள் என்று. வேதா ஜன்னல் பக்கம் பார்த்தாள். எல்லாரும் முறை போட்டு இருந்த இடம்தானே, இதில் என்ன வந்தது என்றாள். நாளைக்கே விண்ணப்பம் போட்டால் நாளைக்கே அலாரத்தை வேறிடத்துக்கு மாற்றித் தருவதாகவும், அடுத்த வாரம் நிரந்தரக் கடிதம் கையில் இருக்கும் என்றும் சொன்னாள்.

"அந்த எடத்துக்கு அப்புறம் யாரு வருவாங்க?" என்று கேட்டாள் பிரிஜெட்.

"பிரஷர் மாட்யூல். அத பாக்க புதுசா சேர்ற பசங்க பேட்ச் ஒண்ணு வருது. அவங்க பாத்துப்பாங்க. நீ ஏன் ப்ரிஜி அடுத்தவங்க கவலைய எல்லாம் எடுத்து மடியில கட்டிக்கற?"

"உன் ஃபைல்ல ஒரு நம்பர மாத்தினா போதும் வேதா."

வேதா கைப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த ஃபைலைத் திறந்த நிமிடம் லாபிப் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும், ஏப்ரலில் தன்னைத் துணைத் தலைவராக்கப் போவது அந்தப் பலகையைப் பார்த்துத்தான் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் கூச்சம் இல்லை. சிநேகிதியிடம் மனம்விட்டுச் சொல்கிற நெருக்கம்தான் இருந்தது.

விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் அவள் தன்னோடு மல்லுக்கட்டினாள். போட்டால் வேலை. போடாவிட்டால் மறுபடி அந்த நேர்காணல்கள், மறுபடி அந்த ஒன்பது வருடம். கணவன் லாயிடிடம் சொன்னபோது அவன், எது செய்தாலும் தூங்க முடிகிற மாதிரி செய் என்று சொல்லிவிட்டுத் தான் நன்றாகத் தூங்கினான். பிரிஜெட் விண்ணப்பத்தைப் போடவில்லை. டிரைவரைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கூட்டம் கேட்டாள்.

கூட்டம் பெரிய அரங்கில் நடந்தது. எல்லாப் பிரிவும் வந்திருந்தது. தொடங்குமுன் எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடி, 'நான் தீர்ப்பளிக்க மாட்டேன்' என்று சொன்னார்கள். பிரிஜெட் ரப்பர்க் கையை மேடைக்குக் கொண்டுவந்து உலுக்கிக் காட்டினாள். தொண்ணூறு எல்லோர் கண்ணெதிரே பூஜ்யமாயிற்று. இனி மறுக்க வழியில்லை என்று அவள் நினைத்தாள். அசலகிரியை அவள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

ரங்கா எழுந்தார். "நாம இங்க யாரையும் பிளேம் பண்றதில்ல, மெமரியக்கூட," என்றார். "ஆறு வருஷமா ஒருத்தரும் தொடாத ஃபைல். அத நாம ஏன் தொடல? அது சரியா இருந்ததாலயா? இல்ல. தொடாததாலதான் அது சரியா இருக்கு. இன்னிக்கு தொட்டா, நாளைக்கு கஸ்டமர் கேப்பான், அப்ப நேத்திக்கு வரைக்கும் என்ன வித்தீங்கன்னு. அந்தக் கேள்விக்கு நம்மகிட்ட ப்ராசஸ் இல்ல. ப்ராசஸ் இல்லாத கேள்விய நாம உருவாக்கக் கூடாது. அதுதான் குவாலிட்டி."

பலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பிரிஜெட் வேதாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஃபைலை எழுதியவள் 'திறக்கலாம்' என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? வேதா எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசினாள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிற சிலருக்குப் பதற்றம் இருப்பது இயல்பு என்றாள். அவர்களைப் புரிந்துகொண்டு அரவணைப்பது நம் கடமை என்றாள். அண்டை நல்லுறவுக் குழுவுக்கு இப்படி ஒரு தொல்லை பற்றி இதுவரை முறையான தகவல் ஏதும் வந்து சேரவில்லை என்றாள்.

இத்தனை நேர்காணல்களில் முகம் தெரியாதவர்கள் எறிந்த அதே கல்லை, பிரிஜெட்டின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தவள் எறிகிறாள்.

"வேதநாயகிக்கு இது தெரியும்," என்றாள் பிரிஜெட். "தெரிஞ்சுதான் ஒவ்வொருத்தரா எடம் மாத்தினாங்க. கடைசியா என்னையும் அங்க வச்சாங்க."

ஒரு பெயர் சொல்லப்பட்டுவிட்டது. அலாரம் அடிக்காததற்கு அசையாத அரங்கம் இதற்கு ஆடிப்போனது. ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். முறைப்படி பிரிஜெட் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அவளை உட்காரச் சொல்லி, மறுபடி எழச் சொன்னார்கள். அவள் எழுந்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வேதா தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள், இரண்டு பேர் அவள் தோளைத் தடவிக்கொடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பிரிஜெட்டுக்குப் பூங்கொத்து வந்தது. 'இரண்டாம் விடியல்' அவளுக்கு இதோடு அஸ்தமித்தது. உரிமையாளர் இல்லாத பிழையைக் கணினி தானாகவே மூடிவிட்டது.

பிறகு நடந்ததை சிந்து ஃபோனில் சொன்னாள். அலாரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்களாம். பிரஷர் மாட்யூலை அந்த இடத்தில் வைக்கப் போனால், கூட்டத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டபடியால், புது பேட்ச் முடியவே முடியாது என்று நின்றுவிட்டதாம். யாரும் குடிவர மறுத்ததால் அந்த நான்கு பைட் இடம் காலியாகவே விடப்பட்டது. கிளிப் எல்லை தாண்டிக் கொட்டுவது இப்போது வெறும் இடத்தில் விழுந்தது. பெட்டிகள் ஒழுங்காக அலறின. அந்தக் காலி இடத்துக்கு 'அமைதி வளையம்' என்று பெயர் வைத்து, அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புக்கான பரிசை வேதநாயகிக்குக் கொடுத்தார்கள். ஏப்ரலில் அவள் துணைத் தலைவரானாள்.

எப்படியோ அலாரம் அடிக்கிறது என்று பிரிஜெட் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஜோகுபாளையத்தில் நான்கைந்து பேருக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வேதாவின் நினைப்பு வரும்போதெல்லாம் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக வந்தது. என்றைக்காவது அவள் கூப்பிடுவாள், மன்னிப்புக் கேட்பாள், நாமும் கொஞ்சம் திட்டிவிட்டு மன்னித்துவிடுவோம் என்றுகூட ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்து அவரைக்காய்ப் பருவத்தில், பிரிஜெட்டும் லாயிடும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரைக்காயை உரித்துப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, வேதா ஃபோனில் கூப்பிட்டாள். பிரிஜெட் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவசரமாக எடுத்தாள்.

நலம் விசாரித்த பிறகு விஷயத்துக்கு வந்தாள் வேதா. இன்னும் புதிய கிளிப் ஒன்று வந்திருக்கிறதாம், விரல் நடுங்கும்போது அது எட்டு பைட் சேர்த்து அனுப்புகிறதாம், அமைதி வளையம் போதவில்லையாம். பிரிஜெட் கான்ட்ராக்டில் மூன்று மாதம் வந்து பார்க்க முடியுமா?

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? உன் ஃபைல தொறந்து அந்த நம்பர மாத்து. இன்னிக்கே மாத்து. ஆஸ்பத்திரில ஆளுங்க படுத்திருக்காங்க வேதா."

"அது எனக்குத் தெரியாதா ப்ரிஜி? மொத தடவ ஸ்கிரீன் பிங்க் ஆனப்பவே தெரியும் எனக்கு," என்றாள் வேதா. "தெரிஞ்சுதான் உன்ன அங்க வச்சேன். வேற யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சா என் பேர சொல்லிடுவாங்க. நீ சொல்ல மாட்டேன்னு நம்பினேன். அத்தன பேர் முன்னாடி நீயே சொல்லிட்ட. எனக்கு அது இன்னும் ஆறல."

அவள் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து ஓடிவந்து எடுத்ததை எண்ணி பிரிஜெட்டுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. ஃபோனை வைத்தாள்.

"யாரு, வேதாவா?" என்று கேட்டான் லாயிட்.

"இல்ல," என்றாள் பிரிஜெட். "ஆபீஸ்."